பேரில்லாத விதவைக்கு ஒரு குலவை

யம்னா அழுது அடக்கம் செய்த ராஜாக்கள் மட்டும் நானூறு பேர். சேனாதிபதிகள் தனிக் கணக்கு. அவள் கண்ணீர் விழுந்த தரையில் வாற்கோதுமை முளைத்தது. அதை அறுத்து, அரைத்து, எங்கள் வர்ஸாஸாத் ஊரே மூன்று நாள் ரொட்டி சுட்டுத் தின்றது. சரி, நானூறு கொஞ்சம் கூடுதல்தான். கோதுமை என் கைச்சரக்கு. இருபத்து மூன்று படம், அதில் முப்பத்தோரு சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே என்னால் இறங்கி வர முடியாது.

ஊரை விட்டு வெளியே வந்து, வறண்ட ஆற்றைத் தாண்டினால் புனித நகரம். களிமண்ணும் வைக்கோலும் சுண்ணமும் குழைத்துப் பூசி, சினிமாக்காரர்கள் கட்டியது. முன்னால் நின்று பார்த்தால் மதில், கோபுரம், ராஜவாசல். பின்னால் போனால் மரச்சட்டமும் இரும்புக் குழாயும் அதில் கட்டிப் போட்ட ஆடுகளும். ஒரு மாதம் அது எருசலேம், அடுத்த மாதம் ரோமாபுரி, நடுவில் வெள்ளையடித்தால் பாபிலோன். செங்கால் நாரைகள் எந்த மதத்துக் கோபுரம் என்று கேட்காமல் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கோயிலின் ஒரு பக்கம் மெல்ல ஆடும். அப்போது ஊர் முழுக்கக் கனவில் இருப்பது போலவும், யாரோ புரண்டு படுக்கப் போவது போலவும் இருக்கும்.

புனிதப் படம் வருகிறது என்று சேதி வந்தால் எங்கள் ஆண்கள் சவரம் செய்வதை நிறுத்திவிடுவார்கள். நாவிதர் கடையில் ஈ பறக்கும். படக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் பெயர் அல்லால். அவர் முகத்தைப் பார்த்தே தரம் பிரிப்பார். மலைப்பக்கத்து வெளுத்த முகங்களுக்கு முன்வரிசை. திரா ஆற்றங்கரையிலிருந்து வந்த கறுத்த முகங்களுக்குப் பின்வரிசை. ஆண்கள் குறைந்தால் பெண்களுக்குத் தாடி ஒட்டி நிறுத்துவார். பெண்கள் குறைந்தால் யாரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

யம்னா கறுப்பு. திரா ஆற்றங்கரைக்காரி. முப்பது வருடத்தில் அவள் அடிமை, தண்ணீர் சுமப்பவள், குஷ்டரோகி. ஒரு தடவை சீடர்களில் இடமிருந்து ஏழாவது ஆள். அந்தத் தாடி மதியச் சாப்பாட்டில் பருப்புக் குழம்புக்குள் விழுந்துவிட்டது. ஆனால் அழுகையில் அவளை மிஞ்ச ஆளில்லை. "அழுங்க" என்று ஒலிபெருக்கி சொல்லி முடிக்குமுன் அவளுக்குக் கன்னம் நனைந்திருக்கும். ஏழாவது வரிசையில், ஒட்டகத்துக்குப் பின்னால்.

அவளுடைய நாத்தனார் இஜ்ஜா மலைக்காரி. வெளுத்த முகம், நீண்ட கழுத்து. யாருக்கு ஆயுள் முடிந்தாலும் அவள் முன்வரிசையில் இருப்பாள். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள், அதனால் அந்தக் கழுத்தை நல்ல கழுத்து என்றே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு படம் வரும்போதும் இருவரும் கலாச்சார மன்ற அரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"அண்ணி, இந்தத் தடவ உன் முழங்கை வந்துச்சு. நான் பாத்தேன். நல்ல முழங்கை."

"வாய மூடுடி. உன் மூஞ்சி வந்து என்ன ஆச்சு? பல்வலிக்காரி மாதிரி நின்ன."

வீட்டுக்கு நடக்கும்போது யம்னா முன்னால் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை தன் முகத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே எல்லோருக்கும் தெரியும்.

யாருக்கும் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல இருபத்து நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பிள்ளை செத்துப்போனால் அவன் மாப்பிள்ளை. வலது உள்ளங்கையில் மருதாணி வைத்து அனுப்புவோம். அடக்கத்துக்குப் போவது ஆண்கள்; எங்கள் எல்லை வீட்டுவாசல். பாடை வாசலைத் தாண்டும்போது பெண்கள் குலவை போடுவார்கள், கல்யாணத்துக்குப் போடுகிற அதே குலவை. முதல் குலவையைத் தாயோ மூத்த அக்காவோ எடுக்க வேண்டும். அவள் எடுக்காமல் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

யம்னாவின் தம்பி இதிர். இருபது வயது. மேற்கே மலையில் பெய்த மழைக்கு, இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு வந்துவிட்டது. முலாம்பழக் கூடையோடு கடந்துகொண்டிருந்தவனை அது கொண்டுபோயிற்று. உடல் கிடைத்த காலையில் யம்னா புனித நகரத்தில் ஒரு மெழுகு ராஜாவுக்காக அழுதுகொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரரை, "ஷாட் முடியட்டும்" என்று வாசலில் உட்காரவைத்துவிட்டார்கள். பதினான்கு தடவை எடுத்தார்கள். அவள் ஓடி வீட்டுக்கு வந்தபோது பாடை போய்விட்டது. அம்மாவுக்குக் குரல் வரவில்லையாம். வாய் திறந்ததாம், காற்றுதான் வந்ததாம். தெருப் பெண்கள் காத்து நின்றார்கள். இதிர் சத்தமே இல்லாமல் வாசலைத் தாண்டிப் போனான்.

அதன்பிறகு யம்னா ஒரு கல்யாண வீட்டிலும் குலவை போட்டதில்லை. தொண்டைக் கட்டு என்று சொல்லிவிடுவாள். அழுவதற்கு மட்டும் அந்தத் தொண்டை நன்றாக வேலை செய்தது.

போன வருடத்துக்கு முந்திய வருடம் ஒரு புதுப்படம் வந்தது. கிறிஸ்தவர்கள் தெய்வமாகக் கும்பிடுகிற ஈசா நபி காலத்துக் கதை. நடிக்கிறவனை அந்தப் பெயரால் கூப்பிட எங்களுக்கு வாய் வராது, அங்கிக்காரன் என்போம். முந்தைய அங்கிக்காரர்களெல்லாம் பாலில் முக்கி எடுத்தவர்கள் போல இருப்பார்கள். இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி மாநிறம். இயக்குநரும் ஒரு பெண். வெளிநாட்டுக்காரி, வெள்ளைத் தொப்பி, எல்லோருக்கும் மேடம். அவளுக்காக மொழிபெயர்த்துச் சொல்லவும், கையில் ஒரு பட்டியலோடு எங்களை எண்ணவும் காஸாபிளாங்காவிலிருந்து வியாம் என்ற பெண் வந்திருந்தாள்.

"அல்லால் சார், முன்வரிசையில பாதிப் பேர் பெண்களா இருக்கணும். எல்லா நிறமும் இருக்கணும். அந்தக் காலத்துல அந்த ஊர்ல எல்லாரும்தானே இருந்தாங்க?"

"முப்பது வருஷமா இவங்கள எல்லாம் பின்னால தள்ளுன்னு சொன்னதும் உங்க ஆபீஸ்தான் தங்கச்சி."

"அது வேற ஆபீஸ் சார்."

அல்லால் ஒலிபெருக்கியை எடுத்தார். "கறுத்தவங்க எல்லாம் முன்னால! வெளுத்தவங்க பின்னால! தாடி ஒட்டின பொம்பளைங்க தாடியக் கழட்டிட்டு வாங்க!"

வியாம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லல சார்…"

மேடம் வரிசையைப் பார்த்தபடியே நடந்து வந்தாள். யம்னாவின் முன் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஏதோ சொன்னாள்.

"இந்த முகம் இத்தன நாள் எங்க இருந்துச்சுன்னு கேக்கறாங்க," என்றாள் வியாம்.

"ஏழாவது வரிசைல, ஒட்டகத்துக்குப் பின்னாலன்னு சொல்லு."

யம்னாவுக்குக் கிடைத்தது விதவை வேடம். ஒரு சிற்றூரில் விதவையின் ஒரே மகன் இறந்துபோகிறான். ஊர்வாசலைத் தாண்டிப் பாடை வருகிறது. எதிரே அங்கிக்காரன் வருகிறான். அவள் அழுகிறாள், அவன் "அழாதே அம்மா" என்கிறான், பாடையைத் தொடுகிறான், மகன் எழுந்து உட்காருகிறான். அந்த விதவையின் முகம் திரை முழுக்க வரும். இஜ்ஜாவுக்கும் அதே கறுப்புத் துணி உடுத்தி ஓரமாக நிறுத்தினார்கள். யம்னா சொதப்பினால் அவள்.

"விதவைக்குப் பேரு என்னம்மா?" என்று யம்னா கேட்டாள்.

வியாம் தாள்களைப் புரட்டினாள். "பேர் இல்லக்கா. விதவைன்னுதான் போட்டிருக்கு."

"மகனுக்கு?"

"அவனுக்கும் இல்ல. இளைஞன்."

"ரெண்டாயிரம் வருஷமா ஒருத்தரும் கேக்கலையா?"

வியாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

"சரி, அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

இது மேடத்திடம் போய், மேடம் தாடிவைத்த ஒரு அறிஞரைக் கூப்பிட்டு, அவர் தடித்த மூன்று புத்தகங்களைப் பார்த்து, தெரியவில்லை என்று திரும்பி வந்தது.

"பொண்டாட்டின்னு ஒருத்தி அழுதான்னு எழுதியிருக்கா?"

"இல்லக்கா. அம்மா மட்டும்தான்."

"அப்ப ஆகல. ஆகலைன்னா கையில மருதாணி எங்க? நான் எதுக்கு அழறேன்? குலவையில்ல போடணும்."

மேடம் கன்னத்தில் கை வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். அழகாக இருக்கிறது என்றாள். ஆனால் முடியாது என்றாள். அழாதே என்பது வேதத்தில் உள்ள வார்த்தை. அதை மாற்ற அவளால் ஆகாது. குலவை போடுகிறவளைப் பார்த்து ஒருவர் அழாதே என்று எப்படிச் சொல்வார்?

ஒத்திகையில் யம்னா ஒழுங்காக அழுதாள். முழுசாக அழுதபின், அவளுக்கே தெரியாமல் நாக்கு மேலண்ணத்தில் துடித்து, குலவையின் வால் மட்டும் வெளியே வந்து விழுந்தது. மைக் பிடித்திருந்தவன் காதைப் பொத்தினான்.

வியாம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்கள இந்த இடத்துல நிறுத்த மேடம் தயாரிப்பாளரோட சண்டையே போட்டிருக்காங்க. இன்னொரு தடவ அந்தச் சத்தம் வந்தா இஜ்ஜாவ நிறுத்தச் சொல்லிட்டாங்க. அழுங்கக்கா, போதும். உங்க முகம் வருது, அத நெனச்சுக்கோங்க."

மதியம் வெயில் வெள்ளையாக நின்றது. எல்லோரும் பருப்பும் ரொட்டியும் தின்றுவிட்டு நிழல் தேடிப் போனார்கள். யம்னா எப்போதும் போலச் சுண்ணாம்புக் கல்லறைக்குள் போய்ப் படுத்தாள். அதைவிடக் குளிர்ச்சியான இடம் அந்த நகரத்தில் கிடையாது. முப்பது வருடமாக எத்தனையோ பேர் உயிர்த்தெழுந்த குகை. கல் என்று நினைக்கிற கதவு அட்டை. அதன் இடுக்கு வழியாக வெளிச்சம் ஒரு கோடாக வந்து அவள் காலில் விழுந்தது.

அந்தக் கோட்டில் நடந்து இதிர் வந்தான். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான், ஆனால் அவன் நடந்த தரை காய்ந்தே கிடந்தது. கக்கத்தில் ஒரு முலாம்பழம். குகைவாயிலில் குந்தி உட்கார்ந்து அதை முழங்காலில் தட்டிப் பார்த்தான்.

"பழுத்துடுச்சாடா?" என்றாள்.

"தெரியலக்கா. சத்தமே வர மாட்டேங்குது."

"கொண்டா, நான் தட்டிப் பாக்கறேன்."

"வாசல்லயும் யாரும் சத்தம் போடலக்கா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்பவன் போலச் சொன்னான். "அதான் கெளம்பிட்டேனா, இன்னும் உள்ளதான் இருக்கேனான்னே எனக்குத் தெரியல."

அவள் கை நீட்டினாள். நாரை ஒன்று அலகைக் கடகடவென்று தட்டியது. அட்டைக் கதவைத் திறந்து யாரோ, "விதவை எங்க? விதவை வாங்க!" என்று கூப்பிட்டார்கள்.

முதல் டேக் வீண். ஆடுகள் பாபிலோன் பக்கமிருந்து புகுந்துவிட்டன. இரண்டாவது டேக்குக்கு எல்லோரும் இடத்துக்கு வந்தார்கள். ஆட்டுக் கூச்சல் ஓய்ந்தது. புழுதி பொன்னாக மிதந்தது. ராஜவாசல் திறந்தது. நான்கு பேர் தோளில் பாடை வந்தது. அதில் படுத்திருந்தவன் ஒரு வெளிநாட்டுப் பையன். இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. யம்னா பின்னால் நடந்தாள். கன்னம் நனைந்தது. காமிரா அவள் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் ஒட்டகத்தின் பின்புறத்தைப் பார்த்தவள் அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வாசற்படி மேட்டில் தூக்கியவர்களில் ஒருவன் கால் இடறினான். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. துணிக்கடியிலிருந்து பையனின் வலது கை நழுவித் தொங்கியது.

உள்ளங்கையில் மருதாணி. செக்கச்செவேலென்று, வட்டமாக.

ஒப்பனைக்காரர்கள் வைக்கவில்லை. யம்னாவும் வைக்கவில்லை. மதியம் எல்லோரும் தூங்கும்போது, பாடைக்குப் பக்கத்தில் படுத்திருந்த அந்தப் பையனின் கையை இழுத்து வைத்து, எச்சில் தொட்டு வைத்தவள் இஜ்ஜா. பிறகு கேட்டதற்கு, "கல்யாணமாகாத புள்ள வெறுங்கையோட படுத்திருந்தான், எனக்குச் சகிக்கல" என்றாள். அவ்வளவுதான்.

யம்னாவுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் முகம் போய்விடும். ஓரத்தில் அதே கறுப்புத் துணியில் இஜ்ஜா நிற்கிறாள். பாடை இன்னும் இரண்டு அடியில் வாசலைத் தாண்டிவிடும். ஒரு அடி.

அவள் வாயைத் திறந்தாள்.

இருபத்திரண்டு வருடம் உள்ளே கிடந்த குலவை. முதலில் கரகரவென்று, துருப்பிடித்த கிணற்று உருளை போல வந்தது. பிறகு சுத்தமாகி மேலே ஏறியது. கோபுரத்து நாரைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்தன. கூட்டத்துப் பெண்கள் அறுபது பேரும் உறைந்து நின்றார்கள்; சேர்ந்தால் சம்பளம் போகுமோ என்ற பயம். முதல் மறுகுலவை ஓரத்திலிருந்து வந்தது. யம்னா தோற்றால் லாபம் யாருக்கோ, அவளிடமிருந்து. நீண்ட கழுத்தை நிமிர்த்தி இஜ்ஜா போட்ட குலவைக்குப் பிறகு அறுபது பேரும் போட்டார்கள். அட்டைக் கோயில் அதிர்ந்து சுண்ணம் உதிர்ந்தது.

அங்கிக்காரன் நடுவழியில் நின்றுவிட்டான். பாவம், அவனுக்கு ஒரே ஒரு வசனம். சிரித்த முகத்தோடு ஆனந்தக் குலவை போடுகிற ஒரு தாயைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? மேடத்தைப் பார்த்தான். மேடம் கையை உயர்த்தியவள், உயர்த்தியபடியே இருந்தாள். கட் சொல்லவில்லை. அவன் மெல்ல யம்னாவின் பக்கத்தில் வந்தான். அவள் மூச்சு தீர்ந்து குலவை நிற்கும்வரை காத்திருந்தான். அப்புறம் மிகச் சன்னமாக, அவன் மொழியில், அந்த வசனத்தைச் சொன்னான்.

அவளுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் என்ன சொல்கிறான் என்று தெரியும். அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள். இருபத்து மூன்று படத்தில் அழுத எதுவும் அதற்குக் கிட்டே வராது. கண்ணீர்கூட அதிகம் இல்லை.

பாடையில் கிடந்த பையன் எழுந்து உட்கார மறந்துபோனான். அங்கிக்காரன் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று வியாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"மூஞ்சிய முன்னால கொண்டுவந்து நிறுத்துனீங்க. வாயும் அதுலதான இருக்கு? அத மட்டும் பின்வரிசைல விட்டுட்டு வர முடியுமா?"

மேடம் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகர்ந்தாள். ஆனால் தயாரிப்பாளர் நிழற்குடையிலிருந்து வந்து நிறையச் சொன்னார். அதனால் மறுபடி இஜ்ஜாவை நிறுத்தி, குலவை இல்லாமல், எழுதியபடியே அதே காட்சியை எடுத்தார்கள். இஜ்ஜா பிரமாதமாக அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கொட்டை எடுக்கிற கத்தி அவள் கையில் இருக்கிறது. படத்தில் எது வரும் என்று எவருக்கும் தெரியாது. மருதாணிக் கையோடு பையனும் ஊருக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு யம்னா மூன்று கல்யாணத்துக்குப் போனாள். மூன்றிலும் முதல் குலவை அவளுடையது. "தொண்டை சரியாயிடுச்சா?" என்று கேட்டவர்களிடம் தேன் சாப்பிட்டதாகச் சொன்னாள். தம்பி கனவில் வருவதும் நின்றுவிட்டது. ஆனாலும் முகம் என்ன ஆயிற்று என்று ஒரு வருடம் முழுக்க உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

படம் வந்த வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து ஊரே கலாச்சார மன்ற அரங்கில் கூடியது. யம்னாவும் இஜ்ஜாவும் வழக்கமான நாற்காலிகளில். இஜ்ஜா எதுவும் கேலி பேசவில்லை. ராஜவாசல் திறந்தபோது யம்னாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். புழுதி பொன்னாக மிதந்தது. நான்கு பேர் தோளில் பாடை வந்தது. கை நழுவித் தொங்கியது, உள்ளங்கை சிவந்திருந்தது.

அதற்கப்புறம் திரை முழுக்க யம்னாவின் முகம். கறுத்து, அகன்று, ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் போல. மூன்று நிமிடம், அசையாமல், அந்த முகம் அங்கேயே நின்றது. ஊர் மொத்தமும் எழுந்து…

"மூணு நிமிஷமா?" என்று இஜ்ஜா இடைமறிக்கிறாள். பழக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எட்டிப் பார்த்துப் படிக்கிறாள். "அதுவும் உன் கைச்சரக்கா? பதினோரு நொடி. நான் எண்ணினேன். அதுலயும் கடைசி ரெண்டு நொடி அங்கிக்காரன் தோள் மறைச்சுடுச்சு. ஆனா நீ எழுத வேண்டியத எழுதல. திரைல முகம் போச்சு, ஆனா குலவை நிக்கல. அவர் பையன எழுப்பிட்டாரு, ஊர விட்டுக் கெளம்பிட்டாரு, ஆத்தக் கடந்து அடுத்த ஊருக்கே போயிட்டாரு. அங்கயும் அண்ணி குரல்தான் கேட்டுது. அத எழுது."